ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது?

கொள்ளேகால் வட்டாரத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "குளுக்கோஸ் ஏத்தினாங்களா?" தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. 1956 அக்டோபர் முடியும்வரை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. நவம்பர் 1 முதல் மைசூர் மாநிலம். 1997இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்து சாமராஜநகர் மாவட்டம் உண்டாக்கியபோது அதற்குள் போனது. நிர்வாகம் எத்தனை முறை கை மாறினாலும், கம்பியில் தொங்கும் பாட்டிலுக்கு இரண்டு மொழியிலும் பெயர் குளுக்கோஸ்தான். உள்ளே இருப்பது சுத்தமான உப்புத் தண்ணீராக இருந்தாலும் சரி, சர்க்கரை ஒரு துளிகூட இல்லாவிட்டாலும் சரி.

நிஜமாகவே குளுக்கோஸ் பாட்டில் என்றால் அதில் என்ன இருக்கிறது? அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். கிடைக்கும் சக்தி சுமார் 100 கலோரி. ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரை வாயால் குடித்தால் கிடைக்கிற அதே பலனுக்கு ஊசி, குழாய், படுக்கை வாடகை எல்லாம் கொடுக்கிறோம். "டாக்டர், அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் மாதேஸ்வரன் மலை அடிவாரத்திலிருந்து சத்தியமங்கலம் வரை ஒரே மாதிரிதான். இல்லை என்று சொல்கிற டாக்டருக்கு கைராசி இல்லை என்று பெயர் கிடைக்கும். எனவே பலர் சொல்வதில்லை.

வெளிநோயாளிப் பிரிவில் இது பெரும்பாலும் பணநஷ்டத்தோடு போய்விடும். ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் கதை வேறு. அங்கே அதே பாட்டில் ஒரு மருந்து. எந்தப் பாட்டில், எத்தனை, எவ்வளவு வேகத்தில், எப்போது நிறுத்துவது என்ற நான்கு முடிவுகளையும் மயக்க மருந்து டாக்டர் நிமிடத்துக்கு நிமிடம் எடுக்கிறார். அந்த முடிவுகளின் பின்னால் இருக்கும் அறிவியல் கடந்த இருபது ஆண்டுகளில் தலைகீழாகியிருக்கிறது. வெளியே காத்திருக்கும் உறவினருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் சாதாரண சிசேரியனை எடுத்துக்கொள்வோம். பச்சை நிற மூடி போட்ட 18 எண் ஊசி கையில் ஏறுகிறது. முதுகில் மரப்பு ஊசி. இரண்டு மூன்று நிமிடத்தில் இடுப்புக்குக் கீழே கால்கள் கனத்துப் போகின்றன. கூடவே ரத்த அழுத்தம் சரிகிறது. தாய் "குமட்டுது" என்கிறார். அழுத்தம் ஏன் சரிந்தது? ஒரு சொட்டு ரத்தம்கூட இன்னும் போகவில்லை. மரப்பு மருந்து நரம்புகளை அடக்கியதால் கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்கள் தளர்ந்து அகன்றுவிட்டன. இருக்கிற ரத்தம் அகன்ற குழாய்களில் தேங்குகிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இதற்கான பதில், மரப்பு ஊசிக்கு முன்பே ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரை ஏற்றி வைப்பது. குழாய் அகலமானால் நிரப்பிவிடலாம் என்ற கணக்கு.

கணக்கு பார்வைக்குச் சரி. ஆனால் அப்படி ஏற்றிய பிறகும் பலருக்கு அழுத்தம் சரியத்தான் செய்தது. இப்போது மரப்பு ஊசி போடும் நேரத்திலேயே அளவாகத் தண்ணீரை ஓடவிட்டு, குழாய்களைச் சுருக்கும் மருந்தையும் கூடவே கொடுப்பது முறை. உலக அளவில் ஃபினைல்எஃப்ரின் முதல் தேர்வு. நம் ஊர் தியேட்டர்களில் மெஃபென்டர்மின் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். குழாய் தளர்ந்தால் குழாயைச் சரிசெய். தண்ணீரால் அதை நிரப்பப் பார்க்காதே. இவ்வளவு எளிய விஷயத்துக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்பதற்கு, ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

சிசேரியன் ஆன மறுநாள் காலையில் பல தாய்மாருக்குக் கண்ணிமை உப்பியிருக்கும், மோதிரம் கழலாது, கால் வீங்கியிருக்கும். பாட்டி வந்து பார்த்துவிட்டு "நீர் கோத்திருக்கு" என்பார். கர்ப்பத்தில் சேர்ந்த நீரும் அதில் உண்டுதான். ஆனாலும் பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நரம்பு வழியே ஏற்றிய தண்ணீரில் பெரும்பகுதி குழாய்க்குள் தங்குவதில்லை. சுவர் வழியே கசிந்து, திசுக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தச் சுவரைப் பற்றி டாக்டர்கள் படித்தது 1896ஆம் ஆண்டுக் கணக்கு. எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் சொன்னது இது: நுண்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கின்றன. பின்னால் வந்த பாடநூல்கள் இதை அழகான படமாக்கின. தமனிப் பக்கம் வெளியே போன நீர் சிரைப் பக்கம் திரும்பி வந்துவிடுகிறது என்று பிளஸ் டூ மாணவர்களும் வரைந்திருப்பார்கள். இந்தக் கணக்குப்படி ஒரு லிட்டர் சலைன், அதாவது உப்புத் தண்ணீர், ஏற்றினால் கால் லிட்டர்தான் குழாயில் நிற்கும். புரதமோ ஸ்டார்ச்சோ கலந்த கெட்டித் திரவம் ஏற்றினால் முழுதும் நிற்கும். ஆகவே ஒரு பாட்டில் கெட்டித் திரவம் மூன்று நான்கு பாட்டில் சலைனுக்குச் சமம். மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்த விகிதம் இது.

2004இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அதைச் சோதித்துப் பார்த்தன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,997 பேர். பாதிப் பேருக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதம், பாதிப் பேருக்குச் சாதாரண சலைன். 28 நாளில் இறந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை. அதைவிட வியப்பு, தேவைப்பட்ட அளவில் இருந்தது. மூன்று நான்கு மடங்கு தேவைப்பட்டிருக்க வேண்டிய சலைன், ஏறக்குறைய 1.4 மடங்கோடு நின்றுவிட்டது. அல்புமின் பாட்டில் பல ஆயிரம் ரூபாய். சலைன் சில பத்து ரூபாய். பாடநூல் எங்கோ தவறியிருந்தது.

தவறிய இடம் ஒரு மெல்லிய படலம். 1966இல் லுஃப்ட் என்ற ஆய்வாளர் ருத்தேனியம் ரெட் என்ற சாயத்தைப் போட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, ரத்தக் குழாயின் உட்புறச் செல்களின் மேல் ரோமம் போன்ற ஒரு பூச்சு தெரிந்தது. வழக்கமான முறையில் திசுவைப் பதப்படுத்தினால் அது சுருண்டு அழிந்துவிடும். அதனால்தான் அதுவரை யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் பின்னிய வழவழப்பான அந்தப் பூச்சுக்குப் பெயர் கிளைக்கோகேலிக்ஸ். கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு வாக்கில்தான் இருக்கும். ஆனால் உடம்பிலுள்ள எல்லாக் குழாய்களின் பரப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் பிளாஸ்மாவை அது தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது.

கொள்ளேகால் பட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பட்டுக்கூட்டிலிருந்து வரும் கச்சா இழை மேல் செரிசின் என்ற பசை படிந்திருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை கழன்று, இழை மட்டும் மினுமினுப்பாக மிஞ்சும். பட்டுக்குப் பசை போனால் விலை கூடுகிறது. ரத்தக் குழாய்க்கு அந்தப் பூச்சு போனால் தண்ணீர் மட்டுமல்ல, புரதமும் ஒழுகத் தொடங்குகிறது.

2010இல் லெவிக், மிச்செல் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் ஸ்டார்லிங் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கும் இழுவிசை இந்தப் பூச்சுக்கு மேலும் கீழும் உள்ள புரத வித்தியாசத்தில்தான் இருக்கிறது. வெளியே போன நீர் சிரைப் பக்கம் திரும்பி நுழைவதில்லை, நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றித்தான் ரத்தத்துக்கு வருகிறது. இதன் நடைமுறை அர்த்தம் கசப்பானது. வீங்கிய திசுவிலிருந்து நீரை உறிஞ்சி உள்ளே இழுத்துவிடலாம் என்று கெட்டித் திரவத்தை ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. ஒருமுறை வெளியே போனது தன் போக்கில்தான் திரும்பும்.

இனி கத்தி பட்ட உடம்புக்கு வருவோம். அறுவை சிகிச்சை இந்தப் பூச்சைப் பல விதத்தில் உரிக்கிறது. திசுவை வெட்டுவதும் இழுப்பதும் அழற்சியைக் கிளப்புகின்றன. ரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் நிறுத்தி மறுபடி திறந்துவிடும் பெரிய இதய, ரத்தக் குழாய் அறுவைகளில், பூச்சின் துண்டுகள் ரத்தத்தில் பல மடங்கு மிதப்பதை மியூனிக் ஆய்வாளர்கள் 2007இல் அளந்து காட்டினார்கள். கிருமித் தொற்று, ரத்தத்தில் மிதமிஞ்சிய சர்க்கரை, பெரிய காயம் எல்லாமே இதைச் செய்யும். அதே மியூனிக் குழுவினர் இன்னொரு சந்தேகத்தையும் எழுப்பினர்: அளவுக்கு மீறித் தண்ணீர் ஏற்றினால் இதய அறை விரிந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது, அந்த ஹார்மோனே பூச்சை உரிக்கக்கூடும். அதாவது ஒழுகுகிறதே என்று ஊற்ற, ஊற்றியதே ஒழுக்கைக் கூட்டலாம். இதில் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு சலைன் ஏற்றிப் பார்த்து, அப்படி எதுவும் உரியவில்லை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் ஊற்றிக்கொண்டே போவது நல்லதல்ல என்பதற்கு அந்த ஹார்மோன் சாட்சி தேவையில்லை. வார்டில் கிடைத்த சாட்சியே போதும்.

அந்தக் கதை 1961இல் அமெரிக்காவின் டல்லாஸில் தொடங்குகிறது. டாம் ஷயர்ஸ் என்ற அறுவை நிபுணர், அறுவையின்போது உடம்பின் நீர் ரத்தத்திலும் செல்லிலும் சேராத 'மூன்றாவது இடம்' ஒன்றில் போய் ஒளிந்துகொள்கிறது என்றார். அதை ஈடுகட்ட ஏராளமாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்பது அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குச் சட்டமாயிற்று. வயிறு திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிலோவுக்கு இத்தனை மில்லி என்று அட்டவணைகள் வந்தன. பெரிய வயிற்று அறுவைக்குப் பின் நோயாளி மூன்று நான்கு கிலோ எடை கூடி வார்டுக்கு வருவது இயல்பு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த மூன்றாவது இடத்தை இன்றுவரை யாரும் உடம்பில் கண்டுபிடிக்கவில்லை.

எடை கூடிய அந்தக் கிலோக்கள் எங்கே இருந்தன? குடலின் சுவரில், அதனால் குடல் ஓடத் தாமதமாயிற்று. தையல் போட்ட இடத்தில்; அதனால் இணைப்பு பலவீனமாயிற்று. நுரையீரலில், அதனால் மூச்சு வாங்கியது. 2003இல் டென்மார்க்கின் எட்டு ஆஸ்பத்திரிகளில் பெருங்குடல் அறுவைக்கு வந்த 172 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வழக்கம்போல ஏற்றியவர்களில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல். எடை கூடாமல் கட்டுப்படுத்தியவர்களில் 33 சதவீதம். உலகெங்கும் டிரிப் குழாயை இறுக்கும் அலை கிளம்பியது.

அலை கொஞ்சம் அதிகமாகவே அடித்தது. 2018இல் ஏழு நாடுகளில் சுமார் 3,000 பேரை வைத்து நடந்த ரிலீஃப் ஆய்வு அதற்குக் கடிவாளம் போட்டது. ஒரு பிரிவுக்கு முதல் 24 மணி நேரத்தில் சுமார் 3.7 லிட்டர், மற்றதற்கு 6.1 லிட்டர். ஓராண்டு கழித்து ஊனமில்லாமல் பிழைத்திருந்தவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். ஆனால் கட்டுப்படுத்திய பிரிவில் சிறுநீரகம் பழுதானவர்கள் 8.6 சதவீதம், தாராளமாக ஏற்றிய பிரிவில் 5 சதவீதம். வெள்ளமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. இந்த இடைவெளிக்குள்தான் மயக்க மருந்து டாக்டரின் கைத்திறமை இருக்கிறது. எந்த அட்டவணையும் அதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

அளவு ஒரு பக்கம். எந்தத் தண்ணீர் என்பது இன்னொரு பக்கம். சலைனை 'நார்மல்' என்று அழைப்பதே ஒரு வினோதம். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சோடியமும் குளோரைடும் தலா 154 மில்லிமோல். நம் ரத்தத்தில் சோடியம் 140 வாக்கிலும் குளோரைடு 100 வாக்கிலும்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புச் சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை லிட்டர் பாட்டில் மூன்று ஏற்றினால் பதின்மூன்றரை கிராம் நேராக ரத்தத்தில் இறங்கியாயிற்று. 1999இல் ஜெர்மனியில் மகளிர் நோய் அறுவைகளுக்கு வந்த 24 பெண்களில் பாதிப் பேருக்குச் சலைனும் பாதிப் பேருக்கு ரிங்கர் லாக்டேட்டும் வேகமாக ஏற்றிப் பார்த்தார்கள். சலைன் பிரிவில் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தின் பி.ஹெச். 7.41இலிருந்து 7.28க்கு இறங்கி அமிலமானது. ரிங்கர் பிரிவில் அப்படி ஆகவில்லை.

ரிங்கர் லாக்டேட், வார்டு மொழியில் 'ஆர்.எல்.', 1880களில் லண்டனில் தவளை இதயத்தைத் துடிக்க வைக்க சிட்னி ரிங்கர் கலந்த உப்பு நீரின் வாரிசு. 1930களில் அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். சோடியம் 130, குளோரைடு 109, கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் கால்சியம். ரத்தத்துக்கு அது நெருங்கிய உறவு. 2018இல் அமெரிக்காவில் 15,802 பேரிடம் நடந்த ஸ்மார்ட் ஆய்வில், மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பழுது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சலைன் பிரிவில் 15.4 சதவீதம், ஆர்.எல். போன்ற சமநிலைத் திரவப் பிரிவில் 14.3 சதவீதம். சிறிய வித்தியாசம். பின்னர் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் அந்தச் சிறிய வித்தியாசத்தையும் உறுதிசெய்யவில்லை. அறுவை அரங்கில் ஆர்.எல்.லுக்கு முன்னுரிமை என்பது இன்றைய பொது வழக்கம். தலைக்காயத்தில் மூளை வீக்கம் இருந்தால் சலைனே மேல். ரத்தம் ஏற்றும் அதே குழாயில் ஆர்.எல். ஓடக்கூடாது, அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கலாம்.

இப்போது ஸ்டார்ச் கதை. சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுத்த மாவுச்சத்தைச் சிறிது மாற்றி, பெரிய மூலக்கூறுகளாக உப்பு நீரில் கலந்தது ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச். பெரிய மூலக்கூறு ஆதலால் குழாயை விட்டு வெளியேறாது. ஒழுகும் ஓட்டைகளை அடைத்துக்கூட விடும் என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். கேட்க நன்றாக இருந்தது. இந்தியாவிலும் பெரிய ஆஸ்பத்திரித் தியேட்டர்களில் ஸ்டார்ச் பாட்டில்கள் தொங்கின. எட்டாத இடங்களில் மாட்டு எலும்பு ஜெலட்டினிலிருந்து செய்த ஹீமாக்செல்.

ஸ்டார்ச்சின் பெரிய வழக்கறிஞர் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகர மயக்கவியலாளர் ஜோவாகிம் போல்ட். கட்டுரை மேல் கட்டுரையாக, ஸ்டார்ச் பாதுகாப்பானது என்று எழுதினார். 2009இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையின் எண்கள் இயற்கைக்கு மாறாக ஒழுங்காக இருப்பதைப் படித்தவர்கள் கவனித்துப் பத்திரிகைக்கு எழுதினார்கள். உயிருள்ள நோயாளிகளின் அளவீடுகள் அவ்வளவு நேர்த்தியாக வராது. விசாரித்தார்கள். 2010இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். 2011இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் கூட்டாகச் சேர்ந்து, நெறிக்குழு ஒப்புதல் இல்லாமல் நடந்தவை என்று ஏறத்தாழ 90 கட்டுரைகளை ஒரே மூச்சில் நீக்கினார்கள். பின்னாளில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிப் போனது. ஒரே மனிதரின் பேனா உலகம் முழுக்க எத்தனை கைகளுக்குள் அந்தத் திரவத்தை ஏற்ற வைத்தது என்பதற்குக் கணக்கு இல்லை.

அந்தக் கட்டுரைகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் படம் மாறியது. 2012இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் கடும் கிருமித் தொற்று நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 90 நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டார்ச் பிரிவில் 51 சதவீதம், ரிங்கர் வகைத் திரவப் பிரிவில் 43 சதவீதம். அதே ஆண்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 7,000 பேரிடம் நடந்த ஆய்வில் மரணம் சமமாக இருந்தாலும், டயாலிசிஸ் போன்ற சிறுநீரகச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஸ்டார்ச் பிரிவில் அதிகம். ஓட்டையை அடைக்கும் என்ற மூலக்கூறு, உரிந்த சுவர் வழியே வெளியேறிச் சிறுநீரகத்திலும் தோலிலும் தங்கிக்கொண்டது. "தீவிர சிகிச்சையில் வேண்டாம், ஆபரேஷனில் மட்டும் கொடுக்கலாம்" என்றவர்களுக்கு 2020இல் பிரான்சிலிருந்து பதில் வந்தது. பெரிய வயிற்று அறுவைக்கு வந்த 775 பேரில், சலைனைவிட ஸ்டார்ச் எந்த நன்மையும் தரவில்லை. 2022இல் ஐரோப்பா அதை விற்பனையிலிருந்தே நிறுத்தியது.

சுவர் ஒழுகுவது அறுவை அரங்கின் தனிச்சொத்து அல்ல. டெங்குவில் காய்ச்சல் குறையும் நேரத்தில் 24 முதல் 48 மணி நேரம் பிளாஸ்மா கசியும்; கசிவு நின்று நீர் திரும்பும்போதும் பாட்டிலை நிறுத்தாவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். கண்ணாடி விரியன் கடித்தவர்களில் சிலருக்கு முகமும் கன்னமும் உப்பி, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் சரியும். தென்னிந்திய டாக்டர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலும் அதிர்ச்சி அறிகுறியுமாக வந்த 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் ஓர் ஆய்வு. வேகமாகத் தண்ணீர் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் பத்து சதவீதத்துக்கு மேல். ஏற்றாதவர்களில் 7.3 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். தண்ணீர் உயிர் காக்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான அடி விழுந்ததில்லை.

தாலுகா ஆஸ்பத்திரியில் இந்த ஒழுகும் சுவரைத் தினமும் சந்திக்கிறவர்கள் பிரசவ வார்டுக்காரர்கள். கர்ப்பகால ரத்த அழுத்த நோய் உள்ள பெண்ணுக்கு உட்சுவர் முன்பே கெட்டிருக்கிறது. சிறுநீரில் புரதம் போவதும், உடம்பு வீங்குவதும் அதன் அடையாளம். இவருக்குச் சிசேரியனுக்குப் பின் தாராளமாக இரண்டு பாட்டில் ஓடவிட்டால் அது நுரையீரலில் போய் நிற்கும். அதனால் மணிக்கு 80 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். அரை லிட்டர் பாட்டில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு சுமார் 27 சொட்டு. பம்ப் இல்லாத வார்டில் சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை எண்ணிக் குழாயின் சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். தாய் கையை மடக்கினால் சொட்டு நின்றுவிடும். நிமிர்த்தினால் ஓடும். சில சமயம் கூட இருக்கும் அத்தையோ சித்தியோ, "ஏன் இவ்ளோ மெதுவா இறங்குது?" என்று சக்கரத்தைத் தள்ளிவிடுவதும் உண்டு.

சிறுநீர் குறைந்தால் உடனே இன்னொரு பாட்டில் என்பதும் பழைய பழக்கம். அறுவையின் அதிர்ச்சியில் உடம்பே நீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. சில மணி நேரம் சிறுநீர் குறைவது இயல்பு. இந்த நேரத்தில் ஊற்றுவதெல்லாம் திசுவுக்குத்தான் போகும். ஆனால் ரத்தப்போக்கினாலும் சிறுநீர் குறையும். அங்கே தாமதித்தால் உயிர் போகும். நாடியையும் அழுத்தத்தையும் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்பதையும் தொட்டுப் பார்த்துத்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ரத்தம் போனவருக்கு வேண்டியது ரத்தம். மூன்றாவது, நான்காவது பாட்டில் ஆர்.எல். உறையும் சத்துகளை நீர்க்க வைத்து, போக்கை இன்னும் கூட்டிவிடும்.

இத்தனையும் பாட்டிலுக்குள் இருப்பது நல்ல தண்ணீர் என்ற அனுமானத்தில் சொன்னது. கர்நாடகத்தில் அந்த அனுமானம் 2024 நவம்பரில் உடைந்தது. பல்லாரி மாவட்ட ஆஸ்பத்திரியில் 9ஆம் தேதி முதல் 11ஆம் தேதி வரை 34 சிசேரியன்கள். ஏழு தாய்மாருக்குச் சிறுநீரகமும் பிற உறுப்புகளும் பழுதாயின. அடுத்தடுத்து ஐந்து பேர் இறந்தார்கள். சந்தேகம் ஏற்றிய ஆர்.எல். மேல் விழுந்தது. மேற்கு வங்க நிறுவனம் ஒன்று தயாரித்தது அது. மாநில அரசு அந்தச் சரக்கை நிறுத்தியது. மருந்துக் கட்டுப்பாட்டாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. அடுத்த ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மேதினிபூர் மருத்துவக் கல்லூரியில் சிசேரியன் ஆன ஒரு பெண் இறந்து, சிலர் கவலைக்கிடமானபோது அதே நிறுவனத்தின் பெயர் மறுபடி அடிபட்டது. அங்கே பன்னிரண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் செய்தார்கள்.

பல்லாரியில் எனக்கு உறுத்துவது இதற்கு முந்தைய அத்தியாயம். மாநில ஆய்வகம் தரமில்லை என்று சொன்ன சில தொகுதிகளை, நிறுவனம் மேல்முறையீடு செய்ததும் மத்திய ஆய்வகம் சரி என்றது. ஒரே பாட்டிலுக்கு இரண்டு சான்றிதழ். கிருமி செத்த பிறகும் அதன் உடல் சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நஞ்சு, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது, கண்ணுக்குத் தெரியாது, திரவம் பளிங்கு போல இருக்கும். தன்னார்வலர்களுக்கு மிகச் சிறிய அளவில் செலுத்திப் பார்த்தபோதே ரத்தக் குழாயின் பூச்சு உரிந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அதனால்தான் நரம்பில் ஏறும் ஒவ்வொரு தொகுதிக்கும் எண்டோடாக்சின் சோதனை கட்டாயம். வெறும் தண்ணீர்தானே என்று டெண்டரில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கும் மனமும், வெறும் தண்ணீர்தானே என்று சக்கரத்தைத் தள்ளிவிடும் கையும் ஒரே நினைப்பில்தான் இயங்குகின்றன.

நோயாளியும் குடும்பமும் என்ன செய்யலாம்? ஆபரேஷனுக்கு முன்பே கொஞ்சம் செய்யலாம். "ராத்திரி பத்து மணிக்கு மேல பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பி, மறுநாள் மதியம் தியேட்டருக்கு அழைப்பது நம் ஊர் வழக்கம். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் என்பதே இன்றைய மயக்கவியல் விதி. அவசர அறுவையிலும், வேறு சில நோய்களிலும் டாக்டர் மாற்றிச் சொல்வார். மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரம் வறண்டு வந்தவருக்கு ஏற்றும் முதல் பாட்டில், காலையில் குடித்திருக்க வேண்டிய இரண்டு டம்ளர் தண்ணீர்தான். அதேபோல, ஆபரேஷன் முடிந்து குடிக்க முடிகிறது, குமட்டவில்லை என்றால் டிரிப்பை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை. "இன்னும் ரெண்டு பாட்டில் போட்டாத்தான் தெம்பு வரும்" என்று சிஸ்டரிடம் சண்டை பிடிப்பதுதான் தப்பு.

கொள்ளேகாலில் சிக்கலாகும் பிரசவம் பெரும்பாலும் மைசூருக்குப் போகும், சுமார் 60 கிலோமீட்டர். ஹனூர், மார்ட்டள்ளி, மாதேஸ்வரன் மலைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஊரே பாதி வழி. 108 வண்டியில் ஏறும்போது கையில் ஒரு பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மைசூரில் இறக்கும்போது அங்குள்ள டாக்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, அது எத்தனையாவது பாட்டில் என்பது. ரெஃபரல் சீட்டில் நோயின் பெயரும் கொடுத்த ஊசிகளும் எழுதியிருக்கும். திரவத்துக்குப் பல சமயம் 'ஐ.வி. ஃப்ளூயிட்ஸ் கொடுக்கப்பட்டது' என்ற ஒரே வரிதான். எந்தத் திரவம், எத்தனை மில்லி, எத்தனை மணிக்குள், அதன் தொகுதி எண், பையில் சேர்ந்த சிறுநீர் எவ்வளவு என்று ஐந்து விஷயங்களை எழுத இரண்டு நிமிடம் ஆகும். சீட்டில் அது இல்லையென்றால், வண்டியில் கூட வரும் உறவினர் காலிப் பாட்டில்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரலாம்.